நுரைச் சுவரும் நாலாம் மாடிக் கயிறும்

சுவரில் ஒன்றை மாட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. மாட்டியது மாட்டிய இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

நான் ரங்கூனில் மின்சார வேலை செய்பவன். வீட்டில் அந்தோணி, வெளியே மரியாதையாகக் கோ அந்தோணி, வேலை நடக்கும் இடத்தில் வெறும் சயா. பர்மியர்கள் பள்ளிக்கூட வாத்தியாரையும் சயா என்பார்கள், வயர் இழுக்கிறவனையும் சயா என்பார்கள். அந்தப் பெயருக்கு நாம் தகுதிதானா என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்குள் ஒரு கேள்வி எழும். செங்கல் சுவரில் பழகிய கை என்னுடையது. அந்தக் கைக்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு புதுச் சோதனை வந்தது. வெயில் உள்ளே இறங்காமலிருக்க, செங்கல்லுக்கு வெளிப்பக்கம் நாலு விரல் கனத்தில் வெள்ளை நுரைப் பலகையை ஒட்டுகிறார்கள். நீங்கள் அறிந்த தெர்மாகோல்தான். அதன்மேல் ஒரு வலை, வலைமேல் அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக ஒரு பூச்சு, கடைசியில் பெயின்ட். கரண்ட் போய் ஏசி நின்றபின்னும் அறை கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும் என்றால், இந்த ஊரில் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்கப் போய், ஆணியோடு சுவரும் கையில் வந்துவிட, யாரிடமும் சொல்லாமல் பால்கனியில் பூந்தொட்டியை வைத்து மறைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் போட்டாதாங் பேட்டையில், ஸ்ட்ராண்ட் ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே இருக்கும் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றில் நடந்தது. பேச்சு பெரும்பாலும் பர்மியத்தில். நான் தமிழில் தருகிறேன்.

கம்பளிச் சட்டை

என் கூட்டாளி கோ நைங். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் வாய்க்கு வயதே ஆகவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு ஏசி மாட்டப் போன முதல் நாள் அவன் சுவரைத் தட்டினான். 'டொப்' என்றது. செங்கல் அப்படிப் பேசாது. நான் ட்ரில்லை வைத்துப் பல்லைக் கடித்து அழுத்தினேன். அது வெண்ணெயில் போவதுபோல் போக, நானும் பின்னாலேயே தோளோடு போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம். எவ்வளவு சுலபமாக இறங்குகிறது பாருங்கள் என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதிர்க்கிற சுவர்தான் தாங்கும். வழக்கமான பிளக்கைச் செருகி, ஸ்க்ரூவை முறுக்கி, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். பூச்சு ஒரு வட்டமாகப் பெயர்ந்து, ஸ்க்ரூவோடு சாவிக்கொத்துபோல் என் கையில் தொங்கியது. கோ நைங் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இது சுவர் இல்ல, கம்பளிச் சட்டை போட்ட சுவர். இவங்க சட்டைப் பொத்தான்ல ஏசியை மாட்டச் சொல்றாங்க."

லான்மடாவ் கடையில்

சட்டையைத் தாண்டி உடம்பைப் பிடிக்க வேண்டும். அதற்கு, நுரையைக் கடந்து செங்கல்லுக்குள்ளும் நன்றாக இறங்குகிற நீள ஸ்க்ரூ வேண்டும். அது மட்டும் போதாது. முறுக்கும்போது நுரை நசுங்கிச் சுவர் குழி விழுந்துவிடும். அதனால் நுரையின் கனத்துக்குச் சரியாக ஒரு கெட்டிக் குழாய்த் துண்டை உள்ளே வைத்து, அதன் வழியாக ஸ்க்ரூவை விட வேண்டும். பாரம் குழாயில் இறங்கும், நுரைக்கு ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மிச்சம் விழுந்த நுரைப் பலகையை மிங்கலா தாங்ஞுன்ட்டில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், செங்கல்லில் ஒட்டிவைத்து, துளைத்துத் துளைத்துக் கண்டுபிடித்தேன். வெள்ளைக் குருணை சோற்றுப் பானை வரை போய்விட்டது. என் மனைவி இரண்டு நாள் துடைப்பத்தோடு என் பின்னாலேயே அலைந்தாள்.

அந்த நீளத்துக்கு ஸ்க்ரூ தேடி லான்மடாவ் கடைத்தெருவில் கடை கடையாக ஏறினேன். எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசிக் கடைக்காரர் பின்கட்டுக்குப் போய், தூசி படிந்த பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சயா, உங்க வீட்டோட பக்கத்து வீட்டையும் சேர்த்து முறுக்கப் போறீங்களா?"

சமையலறை வரை

இரண்டாம் மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியை எங்களுக்கு முன்னால் யாரோ மாட்டியிருந்தார்கள். குட்டை பிளக், குட்டை ஸ்க்ரூ. பெட்டி தலை கவிழ்ந்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வதுபோல் நின்றது. அதற்குக் கீழேதான் வெற்றிலைக் கடை. அதை இறக்கி, என் முறைப்படி மறுபடி மாட்டினோம். துளையைப் போடும்போது வெளிவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்துப் போடுவேன்; மழை உள்ளே ஏற முடியாது. வயர் சுவருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெறும் வயரை நுரையில் படவிடமாட்டேன். வயரின் மேல்தோலும் நுரையும் ஒட்டி உறவாடி, நாளாவட்டத்தில் தோல் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். பைப்பில்தான் விடுவேன். துளையைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்குமேல் சிலிக்கான் பசை.

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். ட்ரில் போய்க்கொண்டே இருந்தது. நுரை முடிந்து, செங்கல் தொடங்கி, சத்தம் மாறி, சிவப்புத் தூள் கொட்டியது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். அவருக்கு மூச்சு போய்விட்டது. மெதுவாக என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "சயா, அந்தப் பக்கம் சமையலறை. என் மனைவி சமைச்சுட்டு நிப்பா. வெளிய வரும்போது ஒரு குரல் குடுங்க."

பனி

ஒரு நாள் காலையில் தெருவில் வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. டீக்கடை முக்காலிகளில் உட்கார்ந்தவர்கள் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மேலே பார்த்தார்கள். மூன்றாம் மாடியில், பழைய டிவி டிஷ் ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டிருந்த ஓட்டையில், சிட்டுக்குருவி ஒன்று மும்முரமாக நுரையைக் கொத்தித் துப்பிக்கொண்டிருந்தது. குருவிக்காக நம் ஊரில் நெற்கதிர்க் கொத்து வாங்கிப் பால்கனியில் தொங்கவிடுகிறோம் அல்லவா? அந்த வீட்டிலும் தொங்கியது. சாப்பாடு இலவசம், வீடும் தயார்.

குஞ்சு பறக்கும்வரை காத்திருந்து பிறகு அந்த ஓட்டையை அடைத்தேன். நுரைச் சுவரில் மூடாத ஓட்டை என்பது கதவு திறந்த வீடு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. குருவி போகும், எறும்பு போகும், மழையும் போகும். டீக்கடைக்காரர் மட்டும் வருத்தப்பட்டார். "அடைச்சிட்டீங்களா? ரங்கூன்ல பனி விழுற ஒரே கடைன்னு இப்பத்தான் பேர் வாங்கினேன்."

டோ ஓனின் கப்பி

ரங்கூன் மாடி வீடுகளின் கயிறு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு, நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்காரன் இழுத்தால் மணி அடிக்கும். பேப்பர் மேலே போகும். நாலாம் மாடியில் டோ ஓன் அக்கா அந்தக் கயிற்றில் ஒரு வியாபாரமே நடத்துகிறார். அப்பா தமிழர், அம்மா பர்மியர். அக்காவின் தமிழில் பாதி பர்மியம் இருக்கும், சமையலிலும் அப்படித்தான். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் மதியம் வந்து கயிற்றை இழுப்பார்கள். மணி அடிக்கும். எத்தனை பொட்டலம் என்று கீழிருந்து கத்துவார்கள். கூடை இறங்கும். சோறு, பருப்புக் குழம்பு, பலாச்சான் என்கிற காய்ந்த இறால் வறுவல். தனியாக இருக்கும் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. அந்தக் கூடைதான் அவருடைய கடை, வாசல், ஜீவனம் எல்லாம்.

அவருடைய கப்பியை யாரோ உறவுக்காரர் இரண்டு ஆணியில் நுரைமேல் அடித்திருந்தார். ஒவ்வொரு கூடைக்கும் அது ஒரு நூல் அளவு வெளியே வந்துகொண்டிருந்தது. ஏசிப் பெட்டி சும்மா தொங்குகிற பாரம். கயிறு அப்படியில்லை, அது இழுத்து ஆட்டுகிற பாரம். நாலு கனத்த போல்ட்டைச் செங்கல்லுக்குள் இறக்கிப் பசை ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் இரும்புக் குழாய்த் துண்டு வைத்து, மேலே தகடு போட்டு, அதில் கப்பியை நிறுத்தினேன். பழைய ஆணித் துளைகளையும் அடைத்தேன். கோ நைங் கப்பியைப் பிடித்துத் தன் முழு எடையோடு தொங்கிக் காட்டினான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, தகட்டைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இப்ப மேல கீழ போயிட்டு வர்றது என் சோறுதான். நான் எறங்கி ரெண்டு புத்தாண்டுத் தண்ணித் திருநாள் ஆச்சு."

உப்பல்

அடுத்த மழைக்காலத்தில், இரண்டாம் மாடியின் முன்சுவரில் பூச்சு உப்பியது. தொட்டால் பூரிபோல் அமுங்கி, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. கட்டிடக் கமிட்டித் தலைவர் ஊ சான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். எல்லா வீடுகளையும் ஏறி இறங்கிப் பேசி, நுரைச் சுவருக்குச் சம்மதிக்க வைத்தவரே அவர்தான். அதனால் உப்பல் சுவரில் வந்ததா, அவர் முகத்தில் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. முன்சுவரில் மாட்டியிருக்கும் எதுவும் இனி கூடாது, முதலில் கயிறுகள் போக வேண்டும் என்றார்.

எனக்கு உடனே என் துளைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எந்த இடத்தில் ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்தது? எந்த இடத்தில் பசை காய்வதற்குள் மழை வந்தது? நல்லபடியாக முடிந்த வேலையைக்கூட மனதில் மறுபடி பிரித்துப் பார்ப்பவன் நான். நாலாம் மாடி அக்காவின் கயிறும் போய்விடுமே என்று கேட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளட்டும் என்றார். அதையும் ஒரு நாள் செய்து பார்த்தோம். கூடை ஒவ்வொரு மாடியின் வெயில் மறைப்பிலும் மோதி இறங்கி, மூன்றாம் மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்குப் பருப்புக் குழம்பு ஊற்றியது. ஊ சான் மன்னிப்புக் கேட்பதுபோல்தான் பேசினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க சயா. சுவர் எல்லாருக்கும் பொது, கயிறு ஒருத்தருக்குத்தான்."

திருவிழா ஓட்டைகள்

உப்பிய இடத்தைத் திறக்க அனுமதி கேட்டேன். பூச்சை அறுத்து எடுத்ததும் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு என் லுங்கியில் கொட்டியது. அங்கே என் துளை இல்லை. மேலே தேடினோம். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆணித் துளைகள், ஜன்னலைச் சுற்றி வரிசையாக, பொட்டு வைத்ததுபோல். தடிஞ்ஜுட் விளக்குத் திருவிழாவுக்கு எல்லா வீட்டாரும் சுவரில் ஆணி அடித்துச் சரவிளக்குப் போட்டிருக்கிறார்கள். திருவிழா முடிந்ததும், சுவர் அசிங்கமாக இருக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு ஆணியைப் பிடுங்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி கிறிஸ்தவக் குடும்பம் நட்சத்திரத்துக்கு அடித்துப் பிடுங்கியது தனி. ஆணியை விட்டிருந்தால்கூடத் துளை பாதி அடைபட்டிருக்கும். பக்தி ஒழுகவில்லை, சுத்தம்தான் ஒழுகியது.

இது தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. ஊ சான் அந்தத் துளைகளை வெகுநேரம் பார்த்தார். அவருடைய ஜன்னலைச் சுற்றியும் இருந்தன. கமிட்டியில் இருப்பவர்கள் சின்ன ஆணித் துளையே இவ்வளவு செய்தால் பெரிய போல்ட் என்ன செய்யும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கோ நைங் முந்திக்கொண்டான். சயா போட்ட ஓட்டையில் ஒரு சொட்டு இறங்காது என்றான். ஊ சான் திரும்பி என்னிடம் சொன்னார்: "சரி, காட்டுங்க. அவங்க கப்பிக்குக் கீழேயே திறந்து காட்டுங்க. காஞ்சிருந்தா கயிறு இருக்கட்டும், ஈரமா இருந்தா நீங்களே கழட்டிடணும்."

அனுமதி

ஏணிப்படி நாலு மாடியும் ஏறும்போது என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன். என் வேலைமேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் என் நம்பிக்கையை இன்னொருவர் சோற்றின்மேல் பந்தயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? ஈரமாக இருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். அக்கா எங்கே போவார்?

அவர் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் விடாமல் பெய்திருக்கிறது, கொஞ்சம் வெயில் வந்தபின் திறக்கலாம் என்று கமிட்டியிடம் தவணை கேட்கவா என்றும் கேட்டேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "நீ போட்ட ஓட்டை உனக்கே பயமா இருந்தா, நான் எப்படி தம்பி தினமும் அதுல சோறு எறக்குறது? மழையிலயே வெட்டு."

ஒரு சாண் சதுரம்

மழை சற்று விட்ட இடைவெளியில், பால்கனியில் ஊ சான், கமிட்டியார் இருவர், கோ நைங், நான். அக்கா வாசற்படியில் நாற்காலி போட்டுக்கொண்டார். தகட்டுக்குக் கீழே ஒரு சாண் சதுரம் அளந்து, கத்தியால் பூச்சை அறுத்தேன். வலையை வெட்டினேன். நுரையைத் துண்டு துண்டாக எடுத்தேன். கோ நைங் ஒவ்வொரு துண்டையும் வாங்கித் தரையில் அடுக்கினான். இரும்புக் குழாய் தெரிந்தது. துருப் புள்ளி இல்லை. ஊ சானுக்கு அது போதவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலை உள்ளே விட்டுக் குழாய்க்குப் பின்னால் செங்கல்வரை துழாவினார்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கீழே துறைக்காரர்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. எழுந்து வந்து கூடையை நிரப்பி இறக்கினார். ஊ சானின் விரல் சுவருக்குள் இருக்க, அதற்கு மேலே கப்பி கிறீச்சென்று சுழன்றது. தகடு ஒரு மயிரிழை அசையவில்லை. அவர் விரலை வெளியே எடுத்தார். நுனியில் சிவப்பாக ஒட்டியிருந்தது. நான் துளை போட்ட அன்றைக்கு, எவ்வளவு ஊதியும் தங்கிவிட்ட செங்கல் தூள். இத்தனை மழைக்குப் பிறகும் தூளாகவே இருந்தது. அவர் அதை மோந்து பார்த்தார், ஊதினார்; பறந்தது. கீழிருந்து ஒரு குரல், மேலிருந்து இன்னொரு கூடை வருமா, அல்லது கமிட்டி முடிந்த பிறகுதானா என்று கேட்டது. ஊ சான் பால்கனிக் கம்பியில் சாய்ந்து, வரும் என்று அவரே பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "இனிமே இந்தக் கட்டிடத்துல விளக்கோ கயிறோ, எல்லாரும் இப்படித்தான் மாட்டணும். என் வீட்டு ஜன்னல்ல ஆரம்பிங்க."

இதை எழுதும்போதும் எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிப்பதுபோல்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இவ்வளவு பெருமை ஆகுமா என்று யோசித்துவிட்டு, ஆகும் என்றே முடிவு செய்திருக்கிறேன். எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் மட்டும் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கூடையை மேலே இழுத்து முடித்துவிட்டு, வானத்தைப் பார்த்தார், சதுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி. நல்லா இருந்த சுவர்ல இவ்வளவு பெரிய ஓட்டை போட்டிருக்கியே, மழை வர்றதுக்குள்ள பூசுவியா, மாட்டியா?"

எங்கள் தொழிலில் நல்ல வேலை கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதை நாமே உடைத்துக் காட்டிவிட்டு, பிறகு நாமே சாந்து குழைக்க வேண்டும்.